கேனில் போட்ட கோடு

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாஸ்டர் கடை ஷட்டரைப் பாதி தூக்கினார். மீதியைத் தூக்க மனம் வராமல், குனிந்து உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்காகிட்ட இன்னிக்காவது சொல்லிடணும்" என்றார், தையல் மெஷினைப் பார்த்து.

மெஷின் என்ன பதில் சொல்லும்? பதில் சொல்ல வேண்டியவள் மேஜைக்கு அந்தப் பக்கம் பேன்ட் ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"சனிக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

"சனிக்கிழமை அக்காவுக்கு பிரஷர் இறங்கிடுச்சு. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

"இன்னிக்கு ஏறிடுச்சும்பீங்க."

 மாஸ்டர் சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து சட்டை மாறுகிறது, காகிதம் மட்டும் பைக்குப் பை தாவிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காகிதத்தால்தான் போன வாரம் வீடே ஸ்தம்பித்தது. மறந்தவர்களுக்கும், இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்கும் நாலு வார்த்தை. மாஸ்டரின் அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. புதனும் சனியும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். "என்னோடதுல ஒண்ணை எடுத்து வைங்க" என்று மாஸ்டர் முன்வந்தார். ரத்தம் பொருந்தியது. ஸ்கேன் பொருந்தியது. கடைசியாக, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அதில் புரதம் நூற்றைம்பது மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இருநூற்றுப் பத்து இருந்தது. 'தானம் அளிக்கத் தகுதியில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா அம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினொன்று. அவனைப் படிக்க வைத்து, படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் தையல் பழக வைத்து, கல்யாணமும் செய்துவைத்து, தனக்கென்று ஒன்றையும் தேடாமல் இருந்துவிட்டவர் டீச்சர். அந்த அக்காவுக்கு ஒன்று கொடுக்கப் போய், 'உன் சரக்கு சரியில்லை' என்று திருப்பி அனுப்பினால் ஒரு தம்பிக்கு எப்படி இருக்கும்? மாஸ்டர் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மாஸ்டரம்மா வெள்ளிக்கிழமை நன்றாகச் சாப்பிட்டாள்.

ஒளிப்பானேன்? ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சிறுநீரகத்தோடு மனுஷன் நூறு வயது இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சொன்னது டாக்டருக்குச் சரி. நாளெல்லாம் குனிந்து தைக்கிற மனுஷனின் முதுகைத் தினமும் பார்க்கிறவள் இவள். அந்த முதுகில் கத்தி வைப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒன்பதாவது படிக்கிற மகள் வேறு இருக்கிறாள். ரிப்போர்ட் வந்த அன்று அந்தப் புளியெல்லாம் வடிந்துபோன மாதிரி இருந்தது.

அந்த நிம்மதி ஒரே ஒரு ராத்திரிதான் தாங்கியது.

சனிக்கிழமை காலை, தைத்து முடித்த ஒரு சட்டையை எடுத்து, ஈரத் துணியால் சாக்பீஸ் கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்டுவதும் தைப்பதும் மாஸ்டர் வேலை. கொக்கி, பட்டன், மடிப்புத் தையல், கடைசியில் கோட்டைத் துடைத்து இஸ்திரி போட்டு மாட்டுவது இவள் வேலை. பதினாறு வருஷமாக அந்தக் கை அதைச் செய்கிறது. மனசைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

அந்தக் கை அன்றைக்குப் பாதியில் நின்றது. வேறொரு கோடு ஞாபகம் வந்துவிட்டது.

மாஸ்டருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு, மார்ஜின் மாஸ்டர். எந்தத் துணியிலும் உள்ளே இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். "உடம்பு ஏறினா பிரிச்சுக்கலாம், கொறஞ்சா எங்க போய் ஒட்டுப் போடுறது?" என்பார். ஒல்லிக்குச்சியாக வருகிறவனுக்கும் அதே மார்ஜின்தான்.

கேன் விஷயத்திலும் மனுஷன் மார்ஜின் விட்டுவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு முடிக்க வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது, திங்கட்கிழமைதான் கொடுக்க முடியும். கேனிலும் இடம் இருந்தது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிவரை பிடித்தார். ஏமாற்றுகிற ஆளா அவர்? முதல் நாள் முடிந்த இடத்தில், கேனின் வெளிப்பக்கம், ஸ்கேல் வைத்து நீலச் சாக்பீஸால் பளிச்சென்று ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே இருப்பது மார்ஜின். லேப்காரர்கள் கோட்டோடு வெட்டிக்கொள்வார்கள்!

திங்கட்கிழமை காலை கேனைப் பையில் வைக்கும்போது மாஸ்டரம்மா அதைக் கையில் எடுத்தாள். ஈரத் துணியால் சுற்றிலும் துடைத்தாள். வெளியே போகிற உருப்படியில் சாக்பீஸ் கோடு இருக்கலாமா? பளபளவென்று ஆக்கி அனுப்பிவிட்டாள்.

ஒன்றரை நாள் சரக்கு, ஒரு நாள் கணக்கில் எழுதப்பட்டது. கோட்டைத் துடைத்தது மாஸ்டருக்குத் தெரியாது. லேப்காரர்கள் கோட்டைப் பார்த்துத்தான் அளந்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். உலகத்திலேயே விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தெரிந்தும் சொல்லவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். சொன்னால் முதுகில் கத்தி. சொல்லாவிட்டால் டீச்சர் வாழ்நாள் முழுக்க மெஷினோடு. நாலு நாளாக அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொக்கிகள் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தன.

"நீயும் வர்றியா?" என்றார் மாஸ்டர். "தனியா சொல்ல எனக்கு வாய் வராது."

மாஸ்டரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வரேன்."

டயாலிசிஸ் அறையில் எட்டுக் கட்டில்கள். டீச்சருடையது ஜன்னலோரம். இடது கையில் இரண்டு குழாய்கள், ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது. வலது கையில் சிவப்புப் பேனா. மெஷினோடு படுத்துக்கொண்டே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருமா வந்திருக்கீங்க. அப்போ நல்ல சேதி இல்ல" என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாஸ்டர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.  "அக்கா, அது வந்து..."

"குடு இப்படி."

டீச்சர் வாங்கிப் படித்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. பிறகு அதை விடைத்தாள்களுக்கு அடியில் செருகினார்.

"இதுக்கா மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறே? ஃபெயில்தானே ஆயிருக்கே. உனக்கு என்ன புதுசா?"

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். அழுகைதான் வந்தது. நாற்பத்தாறு வயது ஆள், அக்காவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் நாசூக்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"டேய், போதும். கீழ மருந்துக் கடையில பிளாஸ்திரி வாங்கிட்டு வா. இங்க ஒட்டறது எனக்கு அரிக்குது. காகித பிளாஸ்திரின்னு கேளு."

அவர் போனதும் டீச்சர் பேனாவை மூடினார். மாஸ்டரம்மாவுக்குப் பகீரென்றது. பேனாவை மூடிவிட்டுத் தன்னோடு டீச்சர் பேசியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. பதினாறு வருஷமாக இவள் எழுதுகிற டெலிவரி சீட்டுகளையெல்லாம் கடைக்கு வரும்போது சிவப்பு மையில் திருத்திவிட்டுப் போகிறவர் அவர். ஃபோன் செய்தாலும் தம்பி நம்பருக்குத்தான் செய்வார்.

"உக்காரு. உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணி."

"ரிப்போர்ட் இப்படி வந்ததுல உனக்கு நிம்மதிதானே?"

மாஸ்டரம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். 

"நான் தப்பா கேக்கல. நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். புருஷனை அறுக்கக் குடுத்துட்டு யாரு நிம்மதியா இருப்பா? ரெண்டு மாசமா உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு வார்த்தை குறுக்க பேசல நீ. அது எனக்குத் தெரியும்கறதை உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். அவ்வளவுதான்."

டீச்சர் திட்டியிருந்தால் மாஸ்டரம்மா தாங்கியிருப்பாள். பதினாறு வருஷப் பழக்கம். இப்படி மன்னித்துவிட்டால் என்ன செய்வது? அதுவும் தப்பான குற்றத்துக்கு மன்னித்தால்?

"அண்ணி, நான் அவ்வளவு நல்லவ இல்ல" என்று ஆரம்பித்து, மார்ஜின், சாக்பீஸ், ஈரத் துணி, நாலு நாள், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள்.

டீச்சர் விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்தார். 

"மொத்தம் எத்தனை மணி நேரம் பிடிச்சான்?"

"முப்பத்தாறு."

டீச்சர் கண்ணைக் கூரைக்குத் தூக்கினார். மூன்று விநாடி. "நூத்தி நாப்பது" என்றார். "லிமிட்டுக்குள்ளதான் இருக்கான்."

"எனக்கும் அதேதான் வந்துச்சு அண்ணி. கால்குலேட்டர்ல நாலு தடவை போட்டுப் பாத்தேன்."

"இதுக்குக் கால்குலேட்டரா?"

அந்த நேரத்திலும் திருத்துகிற பழக்கம் விடவில்லை பாருங்கள். பிறகு டீச்சர் குரலைத் தணித்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான்."

"அப்போ இதோட விட்டுடு."

மாஸ்டரம்மாவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"அவனுக்குப் பன்னண்டு வயசுல குடல்வால் ஆபரேஷன். ரெண்டு மணி நேரம்னாங்க. நாலு மணி நேரம் ஆச்சு. வாசல்ல நான் ஒருத்திதான் உக்காந்திருந்தேன். அப்பவே அம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஒத்திகை பாத்துட்டேன். இன்னொரு தடவை என்னால உக்கார முடியாது. இறந்தவங்க தர்ற கிட்னிக்கு லிஸ்ட்ல பேர் குடுத்திருக்கேன். நூத்திப் பதினேழாவது ஆள். வரும்போது வரட்டும். நீ வாயைத் திறக்காதே, என்ன?"

அதற்குள் மாஸ்டர் பிளாஸ்திரியோடு வந்துவிட்டார். துணிப் பிளாஸ்திரி. காகிதப் பிளாஸ்திரி இல்லையாம்.

"தெரியும்டா, இதைத்தான் வாங்கிட்டு வருவேன்னு" என்றார் டீச்சர், சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு.

மாஸ்டரம்மா முகம் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

யாருக்குப் பாதகம் செய்தோமோ அவரே 'விட்டுடு' என்று சொல்லிவிட்டார். இதைவிட ஒரு விடுதலை உண்டா? இனிமேல் இது அவள் பாரம் இல்லை. நடைபாதை முனையில் தண்ணீர் மெஷின் இருந்தது. காகிதக் கப்பில் பிடித்து மடக்கென்று குடித்தாள். தாகம் அடங்கவில்லை. இன்னொரு கப். மூன்றாவது கப்பைப் பிடித்து வாயருகே கொண்டுபோனபோது நிறுத்தினாள்.

டீச்சருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். மாத்திரை விழுங்குவதும் அதில்தான், காபியும் அதில்தான். வெயில் நாளில் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு அரை மணி நேரம் ஓட்டுவார். "தண்ணிக் குழாயைப் பார்த்தா எனக்கு நகைக்கடை வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு" என்று ஒரு தடவை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அவருடைய பாதி நாள் தண்ணீரை இவள் ஒரே நிமிஷத்தில், தாகம் என்றுகூட நினைக்காமல், குடித்து முடித்திருந்தாள்.

மூன்றாவது கப்பை அப்படியே தொட்டிமேல் வைத்துவிட்டு, மாடிப்படி ஏறினாள். சிறுநீரக டாக்டரின் அறை இரண்டாவது மாடி. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். "ஒரே ஒரு நிமிஷம், ஒரு தப்பைத் திருத்தணும்" என்று கெஞ்சி உள்ளே போய்விட்டாள்.

பூசி மெழுகாமல் சொன்னாள். டாக்டர் முதலில் புரியாமல் பார்த்தார்.

"கோட்டோட... வெட்டிக்குவாங்கன்னு நெனச்சாரா?"

"ஆமாங்க. அவர் டெய்லருங்க."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, தண்ணியில எப்படிம்மா மார்ஜின் விடறது? ஊத்தினா எல்லாம் ஒண்ணாக் கலந்துடுமே!" சிரித்தபடியே கம்ப்யூட்டரில் மாஸ்டரின் ரிப்போர்ட்டைத் திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்ததும் சிரிப்பு நின்றது.

"அட." 

"என்னங்க டாக்டர்?"

"கிரியாட்டினின்னு ஒண்ணு. உடம்புச் சதையிலேர்ந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வெளிய போகும். உங்க வீட்டுக்காரர் எடை அறுபத்திரண்டு கிலோ. இந்த எடைக்கு இவ்வளவு போகவே போகாது. இது ஒரு நாள் கணக்கே இல்லைன்னு இந்த நம்பரே சொல்லுது. நான் புரதத்தைப் பாத்தேன், இதைப் பாக்கல." அவர் நிமிர்ந்தார். "நான் கவனிச்சிருக்கணும்மா. தப்பு என் பேர்லயும் இருக்கு."

பெரிய படிப்பு படித்தவர் தன் பேரிலும் தப்பு என்று சொன்னது மாஸ்டரம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. தனியாக நிற்பவளுக்குத் துணைக்கு ஆள் கிடைத்தால் நல்லதுதானே.

"இப்போ என்ன செய்யறது டாக்டர்?"

"அவரைக் கூப்பிடுங்க. இன்னிக்குக் கேன் வேண்டாம், சின்ன பாட்டில் போதும். ஒரே தடவை குடுக்கறதுலயே புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் விகிதம் பாத்துடலாம். ரெண்டு மணிக்குத் தெரிஞ்சுடும்."

விகிதம் பார்ப்பது சுலபம். புருஷனிடம் சொல்வதுதான் கஷ்டம்.

லேப் வாசலில், கையில் சின்ன பாட்டிலோடு மாஸ்டர் முழித்துக்கொண்டு நின்றார். "திரும்ப எதுக்கு டெஸ்ட்? யாரு சொன்னா?"

"அந்தக் கோட்டை நான்தான் துடைச்சேன்."

"எந்தக் கோடு?"

"கேன்ல நீங்க போட்டீங்களே, அது. பையில வைக்கும்போது துடைச்சிட்டேன். தெரிஞ்சு துடைக்கல. கை பழக்கம். லேப்ல யாருக்கும் கோடு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதுல வெட்ட முடியாதாம்."

மாஸ்டர் யோசித்தார். மெதுவாகத்தான் உறைத்தது. முகத்தில் முதலில் வந்தது வெளிச்சம். "அப்போ... எனக்கு ஒண்ணுமில்லையா?" அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. "இது உனக்கு எப்போ தெரியும்?"

"சனிக்கிழமை."

அவர் விரல் விட்டு எண்ணினார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

"பயமா இருந்துச்சுங்க" என்றாள் அவள். வேறு எதையும் சேர்த்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. "உங்களை வெட்டுவாங்களேன்னு இருந்துச்சு. அதான் சொல்லல."

மாஸ்டர் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வாசலில் போகிற வருகிறவர்களைப் பார்த்தார். 

"நாலு நாள்" என்றார் கடைசியில். "சொன்ன தேதிக்கு மேல நாலு நாள் தள்ளாம நான் எவனுக்காவது துணி குடுத்திருக்கேனா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மனுஷன் நிஜமாகவேதான் கேட்டார்.

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம் நீ. எனக்கும்தான் பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம நான் மெஷின்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டினார், பாட்டில் இருந்த கையாலேயே.

"சரி சரி, அழாதே. இப்போ ஒரு சிக்கல்."

"என்ன?"

"எனக்கு வரல."

அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன அவளுக்கு. ஓடிப்போய் அந்தத் தண்ணீர் மெஷினில் இரண்டு கப் பிடித்து வந்தாள். அவள் விட்டுப் போன மூன்றாவது கப் தொட்டிமேல் அப்படியே இருந்தது. அதையும் சேர்த்துக் கொடுத்தாள்.

இரண்டே காலுக்கு டாக்டர் கூப்பிட்டார்.

"சரியா இருக்கு. கச்சிதமா இருக்கு" என்றார். "முறைப்படி இன்னொரு தடவை ஒரு நாள் கேன் பிடிச்சுக் குடுக்கணும். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல. உங்க ஃபைலை நான் மறுபடி திறந்துட்டேன். மாஸ்டர், இந்தத் தடவை மார்ஜின் வேண்டாம், சரியா?"

"இருபத்துநாலு மணி நேரம், ஒரு சொட்டு கூட இருக்காது டாக்டர்."

"குறையவும் கூடாது!"

"நான் பாத்துக்கறேன்" என்றாள் மாஸ்டரம்மா.

சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். பயம் எங்கேயும் போய்விடவில்லை, அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் நாலு நாளாகத் தூக்கி வைத்திருந்த கல் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது அதுவரை அவளுக்குத் தெரியவில்லை. வெறும் பயத்தோடு மூச்சு விட முடிந்தது.

"இன்னொரு விஷயம்" என்றார் டாக்டர். "வாங்கிக்கறவங்க சம்மதமும் வேணும். வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து கையெழுத்துப் போடணும். நான் மதியமே கீழ போய் விவரத்தைச் சொல்லிட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. யாரு வந்து சொன்னாங்கன்னு கேட்டாங்க. உங்க வீட்டுக்காரம்மான்னேன். பேனாவை மூடி வெச்சுட்டாங்க."

மாஸ்டரம்மாவுக்கு மறுபடி பகீர்.

கீழே ஓடினார்கள். ஜன்னலோரக் கட்டில் காலி. விரிப்பு மாற்றிவிட்டிருந்தார்கள். டீச்சர் ஆஸ்பத்திரி வேனில் வீட்டுக்குப் போய்விட்டாராம். மாஸ்டர் ஃபோன் செய்தார். அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தார். எடுக்கவில்லை.

"மெஷின் முடிஞ்சா அசதியா இருக்கும், தூங்குவாங்க" என்றார். சந்தோஷத்தில் இருக்கிற ஆளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும்.

வழியில் பேக்கரியில் நாலு பன் வாங்கினார். கடைக்கு வந்ததும் ஷட்டரை ஒரே தள்ளில் முழுசாக மேலே தூக்கினார். அந்தச் சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் மூன்று பன் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து பாக்கி வைத்த பசி. பள்ளிக்கூடச் சீருடைத் துணியை மேஜையில் விரித்து, சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, ராகம் தெரியாத ஏதோ ஒரு பாட்டை முனகினார்.

மாஸ்டரம்மா மிச்சமிருந்த ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தர் தன்னை வெட்டக் கொடுக்கப் போவாரா? போவார் போலிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அவர்மேல் கோபமாகவும் இருந்தது.

ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது.

மாஸ்டர் தன் ஃபோனை எடுத்தார். அது இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம், நூல்கண்டு டப்பாவுக்குள், மாஸ்டரம்மாவின் ஃபோன். திரையைப் பார்த்தவளுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. பதினாறு வருஷத்தில் அந்த எண் அவள் ஃபோனில் அடித்ததே இல்லை.

"அண்ணி?"

"அவன் பக்கத்துல இருக்கானா?" டீச்சரின் குரல் அசதியாக இருந்தது. ஆனால் கோபம் இல்லை.

"துணி வெட்டிக்கிட்டிருக்காருங்க."

"வாயைத் திறக்காதேன்னு உன்கிட்ட சொன்னேன்."

"சொன்னீங்க அண்ணி."

"யாருக்காகப் போய்ச் சொன்னே? எனக்காகவா, அவனுக்காகவா?"

மாஸ்டரம்மா யோசித்தாள். நல்லவிதமாக ஒரு பதில் சொல்லலாம். "எனக்காகத்தான் அண்ணி. தூக்கம் வரல."

 மறுபக்கம் டீச்சர் சிரித்தார். இருமலோடு கலந்த, நீளமான சிரிப்பு.

"இதுவரைக்கும் நீ எழுதினதுல திருத்த வேண்டாத பதில் இது ஒண்ணுதான்" என்றார். "சரி, கேளு. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்கு முன்னால உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லியாகணும். டாக்டர் இன்னிக்கு என்கிட்ட தனியா சொன்னது. இதை அவன்கிட்ட சொல்ல மாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணு."

மாஸ்டரம்மா நிமிர்ந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் ஸ்கேலை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நீலச் சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே வழக்கம்போல இரண்டு விரற்கடை.

ஒரு ரகசியத்தைக் கீழே இறக்கி வைத்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. அது மட்டும் இனிமே என்னால முடியாது" என்றாள். "அவர் இங்கதான் இருக்கார். ஸ்பீக்கர்ல போடறேன். ரெண்டு பேரும் கேக்கறோம், சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் பொத்தானை அழுத்தி, ஃபோனைச் சீருடைத் துணியின் நடுவில் வைத்தாள். மாஸ்டர் சாக்பீஸும் கையுமாக நின்றார். டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது கடை முழுக்கக் கேட்டது.